இரண்டு வெளிகளுக்கு நடுவே ஒரு கண்ணாடி

பெப்ரவரி மாதத்துக் காலை. தள்ளாடியைத் தாண்டி, மன்னார்த் தீவுக்குப் போகும் தாம்போதியில் ஏறுவதற்குச் சற்று முன்னால் வீதியோரமாக முக்காலியை நட்டுக்கொண்டு நின்றோம். இரண்டு பக்கமும் முழங்கால் நனையாத உப்புத் தண்ணீர். 300 மீற்றர் அப்பால் பூநாரைகள் தலையைக் கவிழ்த்து மேய்ந்துகொண்டிருந்தன. கமெரா, நண்பர் ஒருவர் தானே பொருத்திய பெட்டி. உணரி ஓரிடத்தில் வாங்கியது, மின்சுற்று இன்னோரிடத்தில், அலுமினியக் கூடு தெரிந்த ஒரு லேத் பட்டறையில் சொல்லிச் செய்வித்தது. லென்ஸ் மட்டும் இரவல்.

ஏழு மணிக்குப் பறவையின் அலகு வளைவு வரைக்கும் தெரிந்தது. ஒன்பதரைக்கு அதே லென்ஸ், அதே பறவை, அதே தூரம். திரையில் இருந்ததோ மழையில் நனைந்த சுவரொட்டி மாதிரி ஒன்று. “இந்த லென்ஸ் சரிவராது” என்றார் நண்பர். நான் ஒன்றும் சொல்லவில்லை. லென்ஸ் மேல் பழி போடுவது கமெராக்காரரின் பிறப்புரிமை.

பள்ளிக்கூடத்தில் இதை வில்லை என்று படித்தோம். படப்பிடிப்புத் தளத்தில் அந்தச் சொல்லைச் சொன்னால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள், ஆகவே இந்த அத்தியாயத்திலும் லென்ஸ்தான். சொந்தமாகச் சினிமாக் கமெரா கட்டுகிறவர்கள் லென்ஸ் தேடத் தொடங்கினால் கண்ணாடியைப் பற்றியே பேசுவார்கள்: எந்தக் கம்பெனி, எத்தனை துண்டு, என்ன பூச்சு. மன்னாரில் சில நாள் நின்று பார்த்தபின் எனக்குத் தோன்றியது வேறு. கண்ணாடிக்குப் பின்னால் உணரி வரைக்கும் உள்ள சின்ன வெளியும், கண்ணாடிக்கு முன்னால் பொருள் வரைக்கும் உள்ள பெரிய வெளியும்தான் எந்த லென்ஸ் என்பதைத் தீர்மானிக்கின்றன. முன்வெளியை எந்தக் கடையிலும் விற்பதில்லை. பின்வெளியை நாமே கட்டுகிறோம், அதில்தான் பிழை விடுகிறோம்.

கையால் கட்டும் கமெரா என்பது இப்போது விளையாட்டுப் பேச்சு இல்லை. வியன்னாவை மையமாகக் கொண்ட அப்பெர்ட்டஸ் குழு, யாரும் பார்த்துச் செய்யக்கூடிய திறந்த வடிவமைப்பில் ‘அக்சியம்’ என்ற சினிமாக் கமெராவை உருவாக்கி வருகிறது. 2014இல் பொதுமக்களிடம் பணம் திரட்டி அதன் ‘பீட்டா’ வடிவத்தைத் தொடங்கினார்கள். அதற்கு எடுத்துக்கொண்ட உணரி சி.எம்.வி.12000: குறுக்கே 4096 புள்ளி, நெடுக்கே 3072, ஒவ்வொரு புள்ளியும் 5.5 மைக்ரோமீற்றர். பெருக்கினால் 22.5 மில்லிமீற்றர் அகலம், 16.9 மில்லிமீற்றர் உயரம். பழைய 35 மி.மீ. படச்சுருளின் சட்டகத்துக்குக் கிட்டத்தட்டச் சமம். இந்த அத்தியாயத்தின் கணக்குகளை எல்லாம் இந்த உணரியை வைத்தே போடுகிறேன்.

முதலில் உணரியின் மூலைகளை நிரப்பவேண்டும். இதன் மூலைவிட்டம் 28 மி.மீ. 16 மி.மீ. படச்சுருள் காலத்து அருமையான லென்ஸ்கள் பழைய சாமான் சந்தையில் மலிவாகக் கிடைக்கும், ஆனால் அந்தச் சட்டகத்தின் மூலைவிட்டமே 13 மி.மீ.க்குக் கொஞ்சம் குறைவு. பொருத்தினால் நடுவில் ஒரு வட்டப் படமும் சுற்றிலும் இருட்டும்தான். ஆசைப்பட்டு வாங்கியவர்களை எனக்குத் தெரியும்.

அடுத்தது குவியத்தூரம். இதற்குப் பள்ளிமுனைக்குப் போகவேண்டும். அங்கே நிற்கும் பெருக்கமரத்தின் சுற்றளவு 19.5 மீற்றர், உயரம் 7.5 மீற்றர். உயரத்தைவிடப் பருமன்தான் மனதில் நிற்கும். மரத்தைப் பார்க்கிற எவரும் முதலில் கையை விரித்துத்தான் பார்ப்பார்கள். அகலத்திரைக்கு ஏற்ப உணரியின் மேலும் கீழும் வெட்டினால் 12.7 மி.மீ. உயரம் மிஞ்சும். அந்த 12.7க்குள் 7.5 மீற்றர் மரம் நிற்க வேண்டுமென்றால், 25 மி.மீ. லென்ஸோடு ஏறத்தாழ 15 மீற்றர் தள்ளி நிற்கவேண்டும். 50 மி.மீ. என்றால் 30 மீற்றர். அவ்வளவு தூரம் பின்வாங்கினால் வேலி, வீடு, மின்கம்பி, மன்னாருக்கே உரிய கழுதை எல்லாம் இடையில் வந்துவிடும். 15 மீற்றரில் மரம் மரமாக நிற்கிறது. ஆகவே 25. இதை முடிவுசெய்தது லென்ஸின் பெருமை இல்லை, வேலி.

இனிப் பின்வெளி.

லென்ஸ் வந்து உட்காரும் உலோக வளையத்துக்கும் உணரிக்கும் இடையிலுள்ள தூரம் ஒவ்வொரு வகை மவுண்டுக்கும் நிலையானது. சினிமாவில் புழங்கும் பி.எல். மவுண்டுக்கு 52 மி.மீ. நைக்கோன் எஃப் 46.5, பழைய எம்42 திருகு மவுண்ட் 45.46, கெனன் இ.எஃப். 44, சோனி இ 18. படச்சுருள் கமெராவில் சுருளுக்கு முன்னால் ஒரு கண்ணாடி சுழன்றபடி ஒளிப்பதிவாளரின் கண்ணுக்கும் காட்சியைத் திருப்பிவிடும். அது சுழல இடம் வேண்டும், அதனால்தான் 52. சுழலும் கண்ணாடி போய்விட்டது, 52 மட்டும் குடும்பச் சொத்து மாதிரி நிலைத்துவிட்டது. அந்த இடைவெளியைவிடக் குறைந்த குவியத்தூரம் கொண்ட லென்ஸைச் செய்வதே ஒரு காலத்தில் பெரும்பாடு. முன்னால் விரிக்கும் கண்ணாடியும் பின்னால் குவிக்கும் கண்ணாடியும் வைத்து, குவியத்தை அளவுக்கு மீறிப் பின்னால் தள்ளும் தந்திரத்தை 1950இல் பிரான்சின் ஆன்ஜெனியூ தன் 35 மி.மீ. லென்ஸில் விற்பனைக்குக் கொண்டுவந்தார். இன்று கையிலுள்ள அகலக்கோண லென்ஸ்களில் பெரும்பாலானவை அந்த வழி வந்தவை.

சொந்தமாகக் கட்டுகிறவருக்கு இங்கே ஒரு நல்ல செய்தி உண்டு. உங்கள் பெட்டியின் தூரம் குறைவாக இருந்தால், அதைவிட அதிகத் தூரம் கேட்கும் எந்த லென்ஸையும் இடையில் ஒரு வளையம் வைத்துப் பொருத்தலாம். தலைகீழாக முடியாது. அதனால் கூட்டை 18 அல்லது 20 மி.மீ.க்குச் செய்துகொண்டு, மிச்சத்தை வளையத்திடம் விட்டுவிடுவது புத்திசாலித்தனம். சோவியத் காலத்து ஹேலியோஸ் 58 மி.மீ. முதல் விலையுயர்ந்த பி.எல். லென்ஸ் வரை எல்லாம் உட்காரும்.

கெட்ட செய்தி வெயிலில் இருக்கிறது. குளிரூட்டிய அறையில் 25 பாகையில் அளவு பார்த்த கமெரா, மன்னார் நண்பகலில் 45 பாகைக்குப் போவது பெரிய விஷயமே இல்லை. கறுப்புக் கூடு என்றால் இன்னும் கூடும். அலுமினியம் ஒரு பாகைக்குத் தன் நீளத்தில் பத்து இலட்சத்தில் 23 பங்கு நீளும். 52 மி.மீ., 20 பாகை: பெருக்கினால் 0.024 மி.மீ. தலைமயிரின் தடிப்பில் ஏறத்தாழ மூன்றிலொன்று. இதற்குப் போய்க் கவலைப்படுவதா என்று கேட்கத் தோன்றும்.

கவலைப்படத்தான் வேண்டும். குவியத்தூரத்தின் வர்க்கத்தை இந்த நகர்வால் வகுத்தால், முடிவிலிக்கு வைத்த லென்ஸ் இப்போது எங்கே பார்க்கிறது என்பது வரும். 50 மி.மீ. லென்ஸுக்கு 2500ஐ 0.024ஆல் வகுக்க, 104 மீற்றர். 18 மி.மீ. லென்ஸுக்கு 324ஐ வகுக்க, 13.5 மீற்றர். லென்ஸின் கழுத்தில் முடிவிலி என்று எழுதியிருக்கும். அது பார்ப்பதோ பக்கத்து வீட்டு மதிலை. அகலக்கோண லென்ஸ் எதையும் மன்னிக்கும் என்று நினைப்பவர்களை இந்தக் கணக்கு உட்காரவைத்துவிடும். துவாரம் எஃப் 2இல் திறந்திருந்தால் தூரத்துப் புள்ளி ஒவ்வொன்றும் உணரியில் 0.012 மி.மீ. அகலத்துக்குப் பரவும், அதாவது இரண்டு புள்ளி. சின்னத் திரையில் தெரியாது. மண்டபத்தில் தெரியும்.

பேசாலைப் பக்கத்துக் கடற்கரையில் இதை நேரிலேயே பார்த்தோம். தீவின் தென்கரையில் தம்பபவனிக் காற்றாலைகள் 30 வரிசையாக நிற்கின்றன, மொத்தம் 103.5 மெகாவாற். முடிவிலியைச் சோதிக்க இதைவிட நல்ல பொருள் கிடையாது: வெள்ளைத் தூண், நீலவானம், நேர்விளிம்பு. 18ஐ முடிவிலியில் முட்டவைத்தோம். தூணின் விளிம்பு பஞ்சு போல இருந்தது. கமெராவின் மேல் ஈரத்துணியைப் போட்டுக் குடை பிடித்தோம். அரைமணி நேரத்தில் விளிம்பு கூடிவந்தது. பெரிய டெலிபோட்டோ லென்ஸ்கள் பலவற்றின் வளையம் முடிவிலியைத் தாண்டியும் கொஞ்சம் திரும்பும். பழுதாகிவிட்டது என்று கடைக்குத் திருப்பிக் கொடுத்தவர்கள் உண்டு. சூட்டில் நீளும் உலோகத்துக்காக விட்ட இடம் அது.

பின்வெளியில் இன்னொரு கள்ளனும் இருக்கிறான். உணரியின் முன்னால் கண்ணாடித் தகடுகள் ஒட்டியிருக்கும். ஒளி கண்ணாடிக்குள் நுழைந்து வெளியேறும்போது குவியம் பின்னுக்குப் போகும், தகட்டின் தடிப்பில் மூன்றிலொரு பங்கு. 2 மி.மீ. தகடு என்றால் 0.68 மி.மீ. வெயில் செய்த நகர்வைப்போல 28 மடங்கு. நண்பரின் முதற்கூடு அளவுத்திட்டப்படி மிகச் சரியாக 52 மி.மீ.க்குக் கடையப்பட்டிருந்தது, தகட்டை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. எந்த லென்ஸை முடிவிலியில் வைத்தாலும் அது முடிவிலியையும் தாண்டி எங்கோ பார்த்தது, எதுவும் கூர்மையாக வரவில்லை. அதற்குப் பிறகுதான் கூட்டைக் கொஞ்சம் கூட்டிக் கடைந்து, உணரிக்குப் பின்னால் நூறிலொரு மில்லிமீற்றர் தடிப்புள்ள பித்தளை வளையங்களைச் செருகி எடுத்து, எடுத்துச் செருகி அளவுக்குக் கொண்டுவந்தார்கள். ஷிம் என்பார்கள் இதை. விரலால் தடவினால் இருப்பதே தெரியாத வளையம். அதிலொன்று மேசைக்கு அடியில் விழுந்துவிட்டால் அன்றைய மாலை முடிந்தது.

தகடு குவியத்தைத் தள்ளுவதோடு நிற்பதுமில்லை. படச்சுருளுக்கென்று வடிவமைத்த சில பழைய அகலக்கோண லென்ஸ்களில் ஒளி ஓரங்களுக்கு மிகவும் சரிந்து வந்து விழும். சுருளுக்கு அது பொருட்டில்லை. உணரியின் புள்ளி ஒவ்வொன்றும் குட்டிக் கிணறு மாதிரி. சரிந்து வரும் ஒளி கிணற்றின் அடியைத் தொடாது. ஓரங்கள் இருண்டு, சிலவேளை சாயமும் ஏறும். பின்கண்ணாடி உணரியை ஒட்டி நிற்கும் லென்ஸை வாங்கும் முன் ஒருமுறை வெள்ளைச் சுவரைப் படமெடுத்துப் பாருங்கள்.

முன்வெளிக்கு வருவோம். 300 மீற்றர் தூரத்தில் 1.3 மீற்றர் உயரமுள்ள பூநாரை. 300 மி.மீ. லென்ஸ் அதை 1.3 மி.மீ. உயரத்தில் உணரியில் வரையும், சட்டகத்தில் பத்திலொன்று. புள்ளிக் கணக்கில் 236. இந்தத் தூரத்தில் இந்த லென்ஸுக்கு ஒரு புள்ளி என்பது பறவையின் மேல் 5.5 மி.மீ. இறகின் தண்டைக்கூட எதிர்பார்க்கலாம் போலிருக்கிறது. காற்று இல்லாதிருந்தால்.

காற்றின் முறிவுச் சுட்டி ஒரு பாகைச் சூட்டுக்கு ஏறத்தாழ பத்து இலட்சத்தில் ஒரு பங்கு குறையும். அற்பம்தான். ஆனால் வெயிலேறிய சேற்றுத்தரைக்கு மேலே காற்று ஒரே சூட்டில் நிற்பதில்லை; குமிழி குமிழியாக எழும்பும். உயரத்தில் ஒரு மீற்றருக்கு ஒரு பாகை வித்தியாசம் வந்து வந்து போகிறது என்று வைத்துக்கொண்டால், 300 மீற்றர் ஓடிவரும் ஒளி அந்த முனையில் 4.5 சென்ரிமீற்றர் மேலும் கீழும் ஆடும். எட்டுப் புள்ளி. எந்தக் கண்ணாடியும் தன் குறையால் இவ்வளவு குழப்பம் செய்யாது. 600 மி.மீ. லென்ஸ் வாங்கினால் பறவை இரட்டிப்பாகும், ஆட்டமும் இரட்டிப்பாகும். காசும் அப்படித்தான்.

தலைமன்னார் முனையில் நின்று தனுஷ்கோடிப் பக்கம் பார்த்தால் நண்பகலில் ஆதாம் பாலத்தின் மணல்திட்டுகள் கடலைத் தொடாமல் மிதக்கும். அதே முறிவு, ஆனால் நிதானமாக அடுக்கப்பட்ட காற்றில். அதை எடுக்க நீண்ட லென்ஸ்தான் வேண்டும். அங்கே ஆட்டமே காட்சி. ஆகவே 300 மி.மீ.யை விட்டுவிடச் சொல்லவில்லை. வங்காலைச் சரணாலயத்தின் 4,839 ஹெக்டெயரில் பறவைக்குக் கிட்டப் போக முயல்வதைவிட, மேகம் மூடிய நாளையோ விடியலையோ பிடிப்பது மலிவு. சினிமாவுக்கென்று செய்த 300 தேவையும் இல்லை. பழைய நைக்கோன் அல்லது கெனன் நிழற்பட லென்ஸ் போதும், இந்தக் காற்றில் வித்தியாசம் தெரியாது.

சினிமா லென்ஸுக்குக் காசு கொடுக்கவேண்டிய இடம் கரைவலை. சம்மாட்டி ஒரு பக்கம் நிற்க, இரண்டு வரிசை ஆட்கள் கயிற்றை இடுப்பில் கொடுத்துப் பின்னோக்கி நடந்து வருவார்கள், 20 மீற்றரிலிருந்து 3 மீற்றர் வரைக்கும். நிழற்பட லென்ஸின் வளையத்தில் இந்த 17 மீற்றரும் ஒரு விரலகலத்துக்குள் அடங்கிவிடும். கை கொஞ்சம் பிசகினால் முகம் போய்விடும். சினிமா லென்ஸின் வளையம் ஏறத்தாழ 300 பாகை சுழலும், அதே 17 மீற்றர் உள்ளங்கையளவு விரிந்துவிடும். குவியம் மாறும்போது சட்டகமும் மூச்சுவிடுவதுபோல் விரிந்து சுருங்குவது நிழற்பட லென்ஸின் வழக்கம், சினிமா லென்ஸில் அதையும் அடக்கியிருப்பார்கள். மணலில் தூரத்துக்குக் கோடு கிழித்து வைத்தோம். முதல் அலையே அழித்தது. பிறகு வலை இழுப்பவர்கள் பாடும் அம்பாப் பாட்டின் தாளத்தை வைத்துத்தான் வளையத்தைத் திருப்பினார் நண்பர், ஓர் அடிக்கு இவ்வளவு என்று. நான் பார்த்த மிகத் துல்லியமான குவியக் கருவி அதுதான்.

ஒளியைப் பற்றிச் சுருக்கமாக. ஐ.எஸ்.ஓ. 400, செக்கனில் 50இலொரு பங்கு என்று வைத்தால் முழு வெயிலில் எஃப் 45 கேட்கும். எஃப் 2.8இல் எடுக்க ஆசைப்பட்டால் ஒளியை 256இல் ஒரு பங்காகக் குறைக்கும் சாம்பல் வடிகட்டி தேவை. பகலில் எஃப் 1.3 லென்ஸ் வைத்திருப்பது மழைக்காலத்தில் தண்ணீர் வண்டி வாங்குவது மாதிரி. சாதாரண வடிகட்டிகள் கண்ணுக்குத் தெரியும் ஒளியைத்தான் குறைக்கும். அகச்சிவப்பு அப்படியே உள்ளே வரும். உணரிக்கு அது தெரியும். கறுப்பு நைலோன் சட்டை கபிலமாக வரும், பனையோலை நோயாளி போல் வெளிறும். கம்பெனிக் கமெராவில் இதற்கான தடுப்பு உள்ளேயே இருக்கும். நாமே கட்டிய பெட்டியில் அதையும் நாமேதான் நினைவில் வைக்கவேண்டும்.

உப்பு விஷயத்தில் மட்டும் பலரும் செய்யும் பிழையைச் சொல்லியாகவேண்டும். கச்சான் காற்று வீசும் நாட்களில் ஒரு மணி நேரத்திலேயே முன்கண்ணாடியில் மங்கல் படியும். காற்றின் ஈரப்பதன் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்புத்தூள் தானே நீரை உறிஞ்சிக் கரைந்து படலமாகிவிடும். காய்ந்தால் மறுபடி பளிங்கு. உடனே ஸ்பிரிட் போத்தலை எடுப்பார்கள். உப்பு மதுசாரத்தில் சரியாகக் கரையாது. பளிங்கைத் துணியால் தேய்த்துப் பூச்சைக் கீறுவதுதான் நடக்கும். முதலில் ஊதி, பிறகு காய்ச்சி வடித்த நீரில் நனைத்த துணி, கடைசியில் வேண்டுமானால் ஸ்பிரிட். கண்ணாடியைக் காலம் அரிப்பதால் ஒரு நன்மையும் விளைந்தது என்பது வேடிக்கை. மூன்று துண்டுக் குக் லென்ஸை 1893இல் வடிவமைத்த டென்னிஸ் டெய்லர், மேற்பரப்பு மங்கிப்போன பழைய லென்ஸ்கள் புதியவற்றைவிடக் கூடுதல் ஒளியைக் கடத்துவதை அதே பத்தாண்டில் கவனித்தார். பூசாத கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பும் 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும், பத்துப் பரப்பென்றால் மூன்றிலொரு பங்கு ஒளி போயிற்று. மெல்லிய படலம் அதைத் தடுக்கும். 1935இல் ஸைஸ் நிறுவனத்தின் ஸ்மகுலா அதைத் திட்டமிட்டுப் பூசும் வழியைக் கண்டார். நம் துணி கீறுவது அந்தப் படலத்தைத்தான்.

சிலாபத்துறைப் பக்கத்து முத்துப்பார்களை எடுக்கவேண்டும் என்று நண்பருக்கு ஒரு கனவு. ஆர்தர் சி. கிளார்க்கின் கூட்டாளி மைக் வில்சன் ‘ரன்முத்து தூவ’ படத்துக்காகத் திருகோணமலைக் கடலடியை வண்ணத்தில் எடுத்து வெளியிட்டது 1962இல். அது சிங்களத்தின் முதல் முழுநீள வண்ணப்படம். தட்டைக் கண்ணாடிக்குப் பின்னால் வைத்தால் நீரில் 25 மி.மீ. லென்ஸ் 33 மி.மீ. போல நடந்துகொள்ளும். அரைக்கோளக் கண்ணாடி வைத்தால் கோணம் திரும்பக் கிடைக்கும், ஆனால் கடலின் தொலைதூரம் எல்லாம் கோளத்தின் ஆரையைப்போல மூன்று மடங்கு தூரத்தில் வந்து நிற்கும். 10 சென்ரிமீற்றர் ஆரை என்றால் கண்ணாடியிலிருந்து 30 சென்ரிமீற்றரில். முடிவிலியைப் பார்க்க, ஓரடிக் கோலளவு கிட்டத்தில் குவியும் லென்ஸ் தேடவேண்டும் என்பதை நண்பர் நம்பவில்லை. வாளியில் நீர் நிரப்பிக் காட்டவேண்டியிருந்தது.

மறுநாள் ஆறரைக்கே தாம்போதியடிக்கு வந்துவிட்டோம். இரவல் 300ஐத் திருப்பிக் கொடுக்கவேண்டிய நாள். கமெராவின் மேல் ஈரத்துணி, பித்தளை வளையம் இரண்டு கூட்டியது, கண்ணாடி காய்ச்சி வடித்த நீரில் துடைத்தது. நாற்பது நிமிடம் பூநாரைகளின் காலில் வழிந்த நீர்த்துளி வரைக்கும் கிடைத்தது. பிறகு தூரத்துக் காற்றாலைகளின் அடிப்பாகம் மெல்லக் கரையத் தொடங்கியது. நண்பர் மூடியைப் போட்டுவிட்டுத் தேநீர்க் கடை திறந்திருக்குமா என்று கேட்டார்.